முருகேசனின் வலது கை

பாட்டு வாத்தியாராகவும் பியானோக்காரராகவும் இந்தத் தீவுக்குப் புதிதாக வந்திருக்கும் உங்களிடம் முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். மெயின்லேண்டில் நீங்கள் வாங்கிய பட்டத்தை நான் குறைவாக நினைக்கவில்லை. ஆனால் ஒரு இசை நாடகத்தின் பாட்டை எடுத்து, இதை இவர் பாடட்டும், அவர் வாசிக்கட்டும் என்று இரண்டு பேர் கையில் தாளைக் கொடுக்கிற வேலை இருக்கிறதே, அதை எந்தக் கல்லூரியும் சரியாகச் சொல்லித் தருவதில்லை. எனக்கும் யாரும் சொல்லித் தரவில்லை. போர்ட் பிளேரில் இத்தனை வருடம் பள்ளிக்கூடத்திலும் மேடையிலும் பியானோ முன்னால் உட்கார்ந்துதான் கொஞ்சம் புரிந்தது.

இப்போது உங்களுக்குப் பெரிய வசதி. இணையத்தில் தேடினால் ஒரே பாட்டுக்குப் பத்து விதமான இசைத்தாள் வருகிறது. பணம் கட்டுவதற்கு முன்பே சுருதியை ஏற்றி இறக்கிப் பார்த்துக்கொள்ளலாம். அட்டையில் "குரலும் பியானோவும்" என்று போட்டிருந்தால் எல்லாம் ஒன்றுதான் என்று மட்டும் நினைத்துவிடாதீர்கள். ஒரு பதிப்பில் பாடுகிறவரின் மெட்டை அப்படியே பியானோவின் வலது கையும் வாசிக்கும். வீட்டில் பொழுதுபோக்காகப் பாடுகிறவர்களுக்காகப் போடுவது அது. இன்னொன்று மேடைக்கு உரியது. அதில் பியானோ மெட்டைத் தொடவே தொடாது. கீழே தாங்கி நிற்கும், சில இடங்களில் வாயை மூடிக்கொண்டு சும்மா இருக்கும். முதலாவது சுலபம், இரண்டாவது கஷ்டம் என்று எல்லோரும் சொல்வார்கள். யாருக்குச் சுலபம் என்று நீங்கள் கேட்க வேண்டும்.

இதை எனக்குப் புரியவைத்தவர்கள் கோமதியும் முருகேசனும். புருஷன் பெண்டாட்டி. அவர்கள் கதையைச் சொல்கிறேன், மீதியை நீங்களே எடுத்துக்கொள்ளுங்கள்.

கோமதி ஹேடோ துறைமுகத்தில் கப்பல் டிக்கெட் கவுண்டரில் வேலை பார்த்தாள். அப்பா ராமநாதபுரத்திலிருந்து துறைமுக வேலைக்கு வந்தவர். எங்கள் சங்கீதக் குழுவில் அவளுடைய குரல்தான் கொடி மாதிரி மேலே பறக்கும். முருகேசன் பக்கத்துத் தீவில் ரங்கத் பக்கம் விவசாயக் குடும்பத்துப் பிள்ளை, மின்சார ஆபீஸில் வேலை. கல்யாண வீடுகளிலும் கோயில் திருவிழாக்களிலும் ஆர்கெஸ்ட்ராவில் கீபோர்டு வாசித்து வளர்ந்த கை. கோமதியைக் கட்டிக்கொண்ட பிறகு, அவளுக்கு வாசிக்க வேண்டும் என்பதற்காகவே என்னிடம் வந்து நோட்ஸ் படிக்கக் கற்றுக்கொண்டான். காதலுக்காக மனிதர்கள் என்னென்னவோ செய்கிறார்கள். இவன் இடது கைக்கு எழுதுகிற பாஸ் கிளெஃப் குறியீட்டைப் படித்தான்.

பிறகு கோமதிக்குக் கழுத்தில் கட்டி வந்தது. சென்னைக்குப் போய் தைராய்டு ஆபரேஷன் செய்துகொண்டு திரும்பினாள். உடம்புக்கு ஒன்றும் ஆபத்தில்லை என்று டாக்டர் சொல்லிவிட்டார். குரல்தான் பழையபடி வரவில்லை. மேலே போனால் உடைந்தது. கொஞ்ச நேரம் பேசினாலே களைத்துப் போனது. ரொம்ப நாள் அவள் ஒத்திகைப் பக்கமே வரவில்லை. நாங்களும் கூப்பிடவில்லை. கூப்பிட்டால் அழுவாளோ என்று எங்களுக்குப் பயம்.

அந்த வருடம் நாங்கள் ஒரு ஆங்கில இசை நாடகத்திலிருந்து பாட்டுகளை மட்டும் எடுத்து ஒரு மாலை நிகழ்ச்சி செய்வதாக இருந்தோம். துறைமுக ஊரில் ரொட்டிக் கடை நடத்தும் ஒரு விதவையின் கதை. பாட்டு ஆங்கிலத்தில், நடுவில் கதையை யாராவது இந்தியில் சொல்வார்கள். வங்காளி, தெலுங்கர், மலையாளி எல்லோரும் உட்கார்ந்திருக்கும் ஹாலில் அதுதான் எங்கள் வழக்கம். விதவை அதிகாலையில் மாவு பிசைந்துகொண்டே தன் புருஷனை நினைத்துப் பாடுகிற பாட்டு ஒன்று உண்டு. அதை யாருக்குக் கொடுப்பது என்று நான் யோசித்துக்கொண்டிருந்தபோது கோமதியே என் வீட்டுக்கு வந்தாள்.

"அக்கா, அந்த ரொட்டிக்காரி பாட்டை நான் பாடறேன்" என்றாள்.

எனக்கு ஒரே சந்தோஷம், நாற்காலியை இழுத்துப் போட்டேன். அவள் உட்காரக்கூட இல்லை.

"இந்த ஒரு தடவை பாடறேன். சரியா வரலைன்னா, அவ்ளோதான், அதோட முடிஞ்சுது. இனிமே பாட்டுன்னு யாரும் என்கிட்ட பேசக்கூடாது. நீங்களும் பேசக்கூடாது. வீட்ல அவரும் பேசக்கூடாது. அவர்கிட்டயும் சொல்லிட்டேன்."

கோமதி விளையாட்டுக்குச் சொல்கிற ஆள் இல்லை. பிடிவாதக்காரி. சரி என்றேன்.

அடுத்த வாரம் முருகேசன் தானே இசைத்தாளை வாங்கி அச்செடுத்து ஒத்திகைக்குக் கொண்டுவந்தான். நான் மேலே சொன்ன முதல் வகை, மெட்டு வலது கையில் இருக்கிற பதிப்பு. போதாததற்கு சுருதியை இரண்டு கட்டை இறக்கியிருந்தான்.

"எனக்கு இதான் வரும் அக்கா. மேடை நோட்ஸ் எல்லாம் நம்ம விரலுக்குச் சரிப்படாது" என்றான்.

முகத்தைப் பார்த்தேன். பொய் சொல்லத் தெரியாத முகம். விரல் அவனுக்கு ஒரு பிரச்சினையே இல்லை. கோமதி எங்கேயாவது உடைந்தால் பியானோ சத்தத்தில் அதை மூடிவிடலாம் என்பதுதான் திட்டம்.

இந்த இடத்தில் எங்கள் ஹால் பியானோவைப் பற்றிச் சொல்ல வேண்டும். நீங்களும் நாளைக்கு அதன் முன்னால்தான் உட்காரப் போகிறீர்கள். கடல் காற்றில் அதன் கம்பிகள் துருப்பிடித்துவிட்டன. இழுத்துக் கட்டினால் அறுந்துவிடும் என்று மெயின்லேண்டிலிருந்து வந்த டியூனர் மொத்த பியானோவையும் அரைக் கட்டை கீழே இறக்கி வைத்துவிட்டுப் போனார். தாளில் எந்தச் சுருதி போட்டிருந்தாலும் ஹாலில் அரைக் கட்டை குறைவாகத்தான் கேட்கும். எங்கள் குழுவில் எல்லோருக்கும் தெரிந்த விஷயம் இது. இருந்தும் வருடா வருடம் யாராவது ஒருவர் வீட்டு கீபோர்டில் பழகிவிட்டு வந்து மாட்டிக்கொள்வார். அந்த வருடம் அது முருகேசன் முறை.

வீட்டில் இரண்டு கட்டை இறக்கிப் பழகினார்கள். ஹாலில் அது இரண்டரை ஆகிவிட்டது. முதல் வரியின் அடி ஸ்வரத்தில் கோமதியின் குரல் காணாமலே போனது. உதடு அசைகிறது, சத்தம் இல்லை. முருகேசன் பதறிப்போய் வலது கையை அழுத்தி மெட்டை வாசித்தான். அவள் அவன் மெட்டைப் பிடித்துக்கொண்டு பின்னால் வந்தாள். அவள் பின்னால் வருகிறாளே என்று அவன் நிதானித்தான். அவன் நிதானிக்கிறானே என்று அவள் காத்திருந்தாள். இரண்டு பேரும் ஒருவருக்காக ஒருவர் காத்துக் காத்து, பாட்டு மெல்ல மெல்ல நடை குறைந்து, நடுவழியில் நின்றே போய்விட்டது.

கோமதி தாளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டாள்.

"இன்னும் நிகழ்ச்சி வரலை. இது கணக்குல சேராது" என்றேன் அவசர அவசரமாக.

"சேராது" என்றாள். ஆனால் கண் வேறு எங்கோ இருந்தது.

அன்றைக்கு நான் வீட்டுக்கு வந்து யோசித்தேன். பாட்டை மாற்றிவிடலாமா? அதே நாடகத்தில் ஒரு சின்ன வேடிக்கைப் பாட்டு இருந்தது, பாதி பேச்சு, பாதி பாட்டு. யாரும் உடைய மாட்டார்கள். கொடுத்தால் வாங்கிக்கொள்வாள். ஆனால் நான் அவளைக் கைவிட்டதாகத்தான் அதற்கு அர்த்தம், அது அவளுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். எனக்கு மனசு ஒப்பவில்லை.

எனக்கு இந்த வேலையில் முன்னோடியாக இருந்த ஒரு அம்மாள், பெயர் வேண்டாம், ஒரு பழக்கம் வைத்திருந்தார். யாருக்காவது பாட்டு தேர்ந்தெடுக்க வேண்டுமென்றால் முதலில் அவர்களைப் பாடச் சொல்ல மாட்டார். எதையாவது பேசவைத்துக் கேட்டுக்கொண்டிருப்பார். பாடும்போது எல்லோரும் ஜாக்கிரதையாக இருப்பார்கள், பேசும்போதுதான் குரல் அதன் இடத்தில் இருக்கும் என்பார். அது நினைவுக்கு வந்து, மறுநாள் ஹேடோவுக்குப் போய் டிக்கெட் வரிசைக்குப் பக்கத்தில் ஒரு பெஞ்சில் உட்கார்ந்தேன். கோமதி கண்ணாடிக்குப் பின்னால் இருந்தாள். என்னைப் பார்க்கவில்லை.

கடல் கொந்தளிப்பாக இருந்ததால் போட் ரத்து. கேட்கவா வேண்டும், கவுண்டரில் ஒரே கூட்டம்.

"மேடம், ரங்கத் கா டிக்கெட் மிலேகா?"

"ஆஜ் நஹி பையா. கல் ஆனா." இன்றைக்கு இல்லை, நாளைக்கு வா என்று அனுப்பினாள்.

அடுத்து ஒரு தமிழ்ப் பெரியவர். "நாளைக்காவது போவுமாம்மா? மருமகளுக்கு நாள் நெருங்கிருச்சு."

"காத்து அடங்கினா போவும் ஐயா. காலைல போர்டுல எழுதிப் போடுவாங்க, பாத்துட்டு வாங்க. உங்களுக்கு நான் சொல்லி வைக்கிறேன், கவலைப்படாதீங்க."

அந்தப் பெரியவரிடம் பேசியபோது அவள் குரல் எங்கே இருந்தது என்று கேட்டுக்கொண்டேன். முன்னைவிடக் கொஞ்சம் தடித்திருந்தது. ஓரத்தில் ஒரு சின்னக் கரகரப்பு. முன்பு அந்தக் குரலில் இல்லாத ஒரு ஆதரவு இப்போது இருந்தது. பெரியவர் தலையாட்டிக்கொண்டே நகர்ந்தார். உண்மையைச் சொல்கிறேன், எனக்குப் பழைய குரலைவிட இதுதான் பிடித்தது.

அந்த நேரம் பார்த்து ஒருவர் வரிசையை முறித்துக்கொண்டு முன்னால் வந்து கையை நீட்டினார்.

"ஏய் பாய்சாப்! லைன் மே ஆவோ!"

வரிசையில் வா என்கிற அந்த "ஆவோ" கூரையைத் தொட்டுவிட்டு வந்தது. நடுக்கமில்லை, உடையவில்லை. கோபத்தில் பயப்பட மறந்துவிட்டாள். நான் வாய்க்குள்ளேயே அந்த ஸ்வரத்தை முனகிப் பிடித்துக்கொண்டு, ஆட்டோ பிடித்து நேரே ஹாலுக்குப் போய் பியானோவில் தேடினேன். ரொட்டிக்காரி பாட்டின் உச்சியை ஒரு கட்டை இறக்கினால் அந்த இடத்துக்கு வந்துவிடும். கீழே இறக்க இறக்கச் சுலபம் என்று நினைப்பவர்கள் பாடிப் பார்க்காதவர்கள். அவளுடைய அடி ஸ்வரங்களும்தான் மெலிந்து போயிருந்தன. நடுவில் இருக்கிற ஸ்வரங்கள்தான் பத்திரமாக இருந்தன. ஒரு கட்டையில் பாதியை ஹால் பியானோவே இறக்கிக் கொடுத்துவிடும். எனவே அரைக் கட்டை மட்டும் இறக்கி, மேடைப் பதிப்பை வாங்கி அச்செடுத்தேன்.

அதை எடுத்துக்கொண்டு சாயங்காலம் லம்பா லைனில் அவர்கள் வீட்டுக்குப் போனேன். கோமதி டீ போட உள்ளே போயிருந்தாள். முருகேசன் தாளைப் புரட்டினான். புரட்டப் புரட்ட முகம் வாடியது.

"அக்கா, இதுல மெட்டே இல்லையே."

"மெட்டு கோமதிகிட்ட இருக்கு."

"இந்த உச்சில பாருங்க. பியானோ மொத்தமா நிக்குது. ஒண்ணுமே இல்ல."

"ஆமா. அங்க அவ மட்டும்தான்."

அவன் குரலைத் தணித்துக்கொண்டான். "அங்கதான் அக்கா உடையும். உடைஞ்சா பிடிக்க யாரு இருக்கா? இந்த ஒரு தடவைதான்னு சொல்லியிருக்கா. உங்களுக்குத் தெரியாது, இந்த வீடு இப்ப எப்படி இருக்குன்னு. ரேடியோகூடப் போடறதில்ல. நான் குளிக்கும்போது வாய் தவறி முணுமுணுத்தாக்கூட நிறுத்திக்கிறேன்."

சொல்லும்போது அவனுக்குக் கண் கலங்கிவிட்டது. எனக்கும்தான். ஆனாலும் சொல்ல வேண்டியதைச் சொன்னேன்.

"நீங்க பிடிக்கப் போறீங்கன்னு தெரிஞ்சாலே அவ விழுவா முருகேசன். அன்னிக்கு ஹால்ல என்ன நடந்துச்சு? நீங்க முன்னால போய் வழி காட்ட, அவ பின்னாலயே வந்தா. நீங்க சரியா வாசிக்க வாசிக்க, அவ தப்பா பாடற மாதிரி கேட்டுச்சு. அவ குரல் இப்ப கொஞ்சம் லேட்டாதான் வரும். அது தப்பில்ல. உங்க வலது கைதான் அதைத் தப்பாக்குது."

கோமதி டீயோடு வந்து எங்கள் இரண்டு பேரையும் பார்த்தாள். தாளை எடுத்துப் பார்த்தாள். உச்சியில் பியானோ நிற்கிற இடத்தை விரலால் தொட்டாள்.

"இது நல்லா இருக்கு" என்றாள். அவ்வளவுதான்.

ஒத்திகைகள் நன்றாகப் போயின என்று சொன்னால் நீங்கள் நம்பக் கூடாது. கோமதி மெல்ல மெல்லத் தன் நடையில் பாட ஆரம்பித்தாள், அது உண்மை. ஆனால் அந்த உச்சி வரும்போதெல்லாம் முருகேசனின் வலது கை தானாக எழுந்து, தாளில் இல்லாத மெட்டை எடுத்துக் கொடுத்துவிடும். ஆர்கெஸ்ட்ராவில் பாடகர் வரியை மறந்தால் கீபோர்டுக்காரன்தான் காப்பாற்ற வேண்டும். பதினெட்டு வயதிலிருந்து செய்த வேலை, விரலில் ஊறியிருந்தது. ஒவ்வொரு தடவையும் அவன் எடுத்துக் கொடுத்தவுடன் கோமதி அந்த இடத்தில் குரலைச் சுருக்கிக்கொண்டு பியானோவுக்குள் ஒளிந்துகொள்வாள். உடையவில்லை. பாடவும் இல்லை.

நிகழ்ச்சி நாள் வந்தது. மேடைக்குப் பின்னால் முருகேசன் ஒரு கையில் மேடைப் பதிப்பையும் இன்னொரு கையில் பழைய சுலபப் பதிப்பையும் வைத்துக்கொண்டு நின்றான்.

"ரெண்டையும் ஸ்டாண்டுல வச்சுக்கறேன் அக்கா. எதுக்கும் இருக்கட்டும்."

"குடுங்க பார்க்கலாம்" என்று சுலபப் பதிப்பை வாங்கினேன். பக்கம் திருப்புவதற்காக அவன் அருகில் எனக்கு ஒரு நாற்காலி போட்டிருந்தார்கள். மேடை ஏறியதும் தாளை அதன் மேல் போட்டு நான் உட்கார்ந்துகொண்டேன். என் உடம்பைத் தூக்கி அதை எடுக்க அவனால் ஆகாது. பியானோக்காரரின் பக்கத்தில் உட்காருகிறவர்களுக்கு இப்படியும் வேலை உண்டு.

கோமதி பச்சைப் புடவையில் வந்து நின்றாள். கழுத்துத் தழும்பை மறைக்கவில்லை. இந்தியில் கதை சொல்கிறவர் சொல்லி முடித்தார். முருகேசன் ஆரம்பித்தான். அடி ஸ்வரம் கேட்டது, மெலிதாக, ஆனால் கேட்டது. முன்வரிசையில் அவளுடைய ஆபீஸ்காரர்கள் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். எல்லோரையும் அதட்டுகிற கவுண்டர் குரலா இது என்று நினைத்திருப்பார்கள். அவள் அவசரப்படவில்லை. மாவு பிசைகிறவள் எதற்கு அவசரப்பட வேண்டும்? முருகேசன் கீழே தாங்கிக்கொண்டே வந்தான்.

உச்சி வந்தது. பியானோ நின்றது. கோமதி அந்த ஸ்வரத்துக்குப் போனாள், தொட்டாள், தொட்ட இடத்தில் குரல் உடைந்தது. ஹால் முழுவதுக்கும் கேட்கும்படி உடைந்தது. பிறகு ஒரு சத்தமும் இல்லை.

நான் முருகேசனின் வலது கையைப் பார்த்தேன். அது எழுந்துவிட்டது. விரல்கள் அந்தக் கட்டைகளுக்கு நேர் மேலே நின்றன. பிடித்து இழுக்க எனக்குக் கை பரபரத்தது, ஆனால் இழுக்கவில்லை. நான் தடுத்து அவன் சும்மா இருந்தால், அவளைக் கைவிட்டது நானாகிவிடும். அவனாகவே கையை இறக்கினால் அது வேறு கதை. இதைச் சரியாக யோசித்து முடிவெடுத்தேன் என்று பெருமை பேச மாட்டேன். பயத்தில் அசையாமல் இருந்தேன் என்றும் சொல்லலாம்.

அவன் அவளைப் பார்த்தான். அவள் கண்ணை மூடியிருந்தாள். அவன் கையை இறக்கித் தன் முழங்கால் மேல் வைத்து, இடது கையால் அதைப் பிடித்துக்கொண்டான். யாரோ இருமினார்கள். கோமதி மூச்சு இழுத்தது எனக்குக் கேட்டது. விட்ட அதே சொல்லிலிருந்து மறுபடி ஆரம்பித்தாள். முதலில் மூச்சோடு சேர்ந்து கரகரவென்று வந்தது, பிறகு தெளிந்தது. உச்சியில் நின்றாள். பழைய கோமதி அங்கே பறந்திருப்பாள். இவள் நின்றாள். அந்தப் பாட்டுக்கு அதுதான் வேண்டியிருந்தது என்று எனக்கு அப்போதுதான் புரிந்தது. அவள் அந்த வரியை முடித்துக் கொடுத்த பிறகுதான் முருகேசன் கையை எடுத்து வாசித்தான். நான் பக்கம் திருப்ப மறந்துவிட்டேன், அவன் மனப்பாடமாகவே முடித்தான்.

கைதட்டல் எப்போதும்போல இருந்தது. எங்கள் ஊர்க்காரர்கள் எல்லோருக்கும் நன்றாகத் தட்டுவார்கள்.

நிகழ்ச்சி முடிந்து வெளியே வந்தபோது இருவரும் ஸ்கூட்டர் பக்கத்தில் நின்றிருந்தார்கள். எனக்கு அவர்கள் அருகில் போகத் தயக்கம். அவள் வைத்த நிபந்தனை நினைவில் இருந்தது. நானாக வாயைத் திறக்கக் கூடாது என்று சும்மா நின்றேன். முருகேசனும் பேசாமல் சாவியைத் தேடிக்கொண்டிருந்தான். கோமதிதான் கேட்டாள்.

"அங்க குரல் உடைஞ்சு நான் நின்னுட்டேன்ல. ஏன் நீங்க வாசிக்கல?"

அவன் நிமிர்ந்து பார்த்தான். நிஜமாகவே கேள்வி புரியாதவன் மாதிரி இருந்தது அவன் முகம்.

"நீ எங்க நின்ன? பாடிக்கிட்டுதானே இருந்த."

கோமதி புடவைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். கொஞ்ச நேரம் அப்படியே தலைப்புக்குள்ளேயே இருந்தாள். பிறகு பின்னால் ஏறி உட்கார்ந்தாள். வண்டி கிளம்பி வாசலைத் தாண்டும்போது அவள் அவன் தோளைத் தட்டுவது தெரிந்தது.

"ஆனா கடைசி வரில நீங்க கொஞ்சம் முந்திட்டீங்க."

"நானா? நீதான் இழுத்த."

"நான் எங்க இழுத்தேன்? நல்லா யோசிச்சுப் பாருங்க."

ரோடு திரும்பும் வரைக்கும் அந்தச் சண்டை எனக்குக் கேட்டுக்கொண்டே இருந்தது.